திரும்பிப் போகக் கூடியவன்

கொள்ளைநோய் பரவிய அந்நிய தேசத்துக்குத் தொண்டு செய்யப் போனவனைப் பற்றி எழுதுவது சுலபம். புறப்பாடு, ஆபத்து, திரும்பி வருதல் என்று கதைக்கு வேண்டியதெல்லாம் தயாராகக் கிடைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது. போகாமல் இருந்திருக்கலாம், போனான். நாவல் என்ற வடிவம் பெரும்பாலும் இப்படி முடிவெடுக்கிறவர்களை நம்பியே வளர்ந்திருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்து, நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்து, அங்கேயே செத்துப்போகிறவனிடம் இந்தச் சௌகரியங்கள் இல்லை. அவன் எதையும் தேர்ந்துகொண்டதாகத் தெரிவதில்லை. ஆகவே பின்னணியாகிவிடுகிறான்.

காம்யுவின் ‘கொள்ளைநோய்’ (1947) நாவலை இந்தக் கோணத்தில் மறுபடியும் வாசிக்க வேண்டும். டாக்டர் ரியுவையும் தாருவையும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பத்திரிகைக்காரன் ரேம்பேர் போதிய அளவு பேசப்படவில்லை. பாரிஸிலிருந்து, அரபிகளின் வாழ்க்கை நிலைமையைப் பற்றி எழுதுவதற்காக ஓரானுக்கு வந்தவன் அவன். ஊரின் வாயில்கள் அடைக்கப்பட்டதும் மாட்டிக்கொள்கிறான். நான் இந்த ஊர்க்காரன் அல்ல என்று அதிகாரிகளிடம் வாதாடிப் பார்க்கிறான். பிறகு கடத்தல்காரர்களைப் பிடிக்கிறான். காத்திருக்கும் நாட்களில் தொண்டர் குழுவில் சேர்ந்து வேலையும் செய்கிறான். தப்பிப்பதற்கு எல்லாம் கூடிவந்த இரவில், போகவில்லை என்று சொல்லிவிடுகிறான். தான் மட்டும் சந்தோஷமாக இருப்பது அவனுக்கு வெட்கமாகப் படுகிறது. இவ்வளவையும் பார்த்தபின் தானும் இந்த ஊரைச் சேர்ந்தவன்தான் என்ற உணர்வு வந்துவிடுகிறது.

நாவலின் உயர்ந்த தருணங்களில் இது ஒன்று. ஆனால் இந்த உயர்வு எங்கிருந்து வருகிறது? வெளியே போக அவனுக்கு ஒரு வழி திறந்திருந்தது என்பதிலிருந்து. அவன் விசாரிக்க வந்த அரபிகளுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. அவர்கள் நாவலிலிருந்தே மெல்ல மறைந்துபோகிறார்கள். ஓரானில் செத்தவர்களில் பெயர் சொல்லி நாம் அறிகிற அரபி ஒருவர்கூட இல்லை. கானர் க்ரூஸ் ஓப்ரையன் 1970ல் இதைச் சுட்டிக்காட்டி, காம்யுவின் காலனியப் பார்வையோடு இணைத்துப் பேசினார். மறுக்க முடியாத விமர்சனம் அது. ஆனால் பழி முழுவதையும் காம்யுவின் அரசியல் மேல் போட்டுவிட்டால் வடிவம் தப்பித்துக்கொள்கிறது. தேர்வை மையமாக வைத்த கதையில், தேர்வே கிடைக்காதவனுக்கு எங்கே இடம் கொடுப்பது?

காம்யு இதைப் பாதியாவது உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. தொண்டர் குழுக்களை அளவுக்கு மீறிப் புகழ அவருடைய கதைசொல்லி மறுக்கிறான். இந்தக் கதைக்கு ஒரு நாயகன் வேண்டுமானால், நகராட்சி குமாஸ்தா க்ரானை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஆபீஸ் முடிந்து வந்து, தொண்டர் குழுவின் கணக்குகளைப் பதிவு செய்துவிட்டுப் போகிறவன் க்ரான். கேட்டார்கள், சரி என்றான். அதில் அவனுக்குத் தார்மீகப் போராட்டம் எதுவும் இல்லை. இருந்தும் நம் நினைவில் தங்குகிறவன் ரேம்பேர்தான்.

இது இலக்கியத்துக்கு உள்ளேயே நின்றுவிடும் விஷயம் அல்ல. 2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டு கிராமத்தில் தொடங்கிய எபோலா, கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 2016க்குள் 11,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பல தேசங்களிலிருந்தும் தொண்டர்கள் போனார்கள். கியூபா மட்டும் 2014 அக்டோபரில் சியரா லியோனுக்கு 165 பேரை அனுப்பியது. அவர்களுடைய துணிச்சலைக் கேலி செய்ய எனக்கு உத்தேசமில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வெளிநாட்டுத் தொண்டர்களைச் சில வாரங்களிலேயே திருப்பி அனுப்பியது. களைத்த கை தவறு செய்யும். அங்கே தவறு என்றால் மரணம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர் நர்ஸ் வேலை முடிந்து திரும்பிப் போவதும் அதே நோய் பரவிய ஊருக்குள்தான். இறந்த மருத்துவப் பணியாளர்கள் ஐந்நூறுக்கும் மேல். மிகப் பெரும்பாலோர் அந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

சியரா லியோனின் டாக்டர் ஷேக் உமர் கான் 2014 ஜூலை 29ல் இறந்தார். பரிசோதனை நிலையில் இருந்த ஸீமாப் மருந்து அவர் கிடந்த சிகிச்சை மையத்திலேயே இருந்தது. விவாதித்து, கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சில நாட்களில் லைபீரியாவில் தொண்டாற்றிவந்த இரு அமெரிக்கர்களுக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டது, விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பிழைத்தார்கள். மருந்து கானைக் காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுக்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்களும் அற்பமானவை அல்ல. ஆனால் எந்தக் கதைக்கு முடிவு இருக்கும், எது வழியில் நின்றுவிடும் என்பதை வெறும் கதாசிரியர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது இதில் தெரிகிறது.

ஐவரி கோஸ்ட் எழுத்தாளர் வெரோனிக் தாஜோ, எபோலாவைப் பற்றி 2017ல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘மனிதர்களின் துணையில்’ இந்த வடிவச் சிக்கலை நேராகச் சந்திக்கிறது. கதைசொல்லி ஒருவர் இல்லை. மருத்துவர், பல்கலைக்கழகம் மூடப்பட்டதால் சவக்குழி வெட்ட வந்த மாணவர்கள், அனாதைச் சிறுவனை ஏற்றுக்கொள்ளும் பாட்டி என்று குரல்கள் மாறி மாறி வருகின்றன. வௌவாலும் வைரஸும்கூடப் பேசுகின்றன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு போபாப் மரம். எங்கும் போக முடியாத ஒன்றிடம் கதையை ஒப்படைத்தது அசலான காரியம். ஆனால் அந்த மரம் மனிதனுக்கும் இயற்கைக்குமான உறவைப் பற்றி உபதேசிக்கத் தொடங்கும்போது படைப்பு தளர்ந்துவிடுகிறது. மாணவர்களின் பகுதி தளர்வதில்லை. அவர்களும் தொண்டர்கள்தான், சொந்த மண்ணில். அவர்களுக்குப் புறப்பாடும் இல்லை, திரும்புதலும் இல்லை. தாஜோ அவர்களுக்கு ஒரு திருப்பத்தைச் செயற்கையாக உண்டாக்கித் தராதது அவருடைய நேர்மை.

இன்னும் எழுதப்படாத ஒன்று இருக்கிறது. லைபீரியாவின் சலோமே கார்வா எபோலாவுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, தானும் நோயுற்றுப் பிழைத்து, தான் படுத்திருந்த சிகிச்சை மையத்துக்கே பணிவிடை செய்யத் திரும்பியவர். 2014ல் ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. 2017 பிப்ரவரியில், பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்தார். எபோலாவிலிருந்து மீண்டவர் என்பதால் ஆஸ்பத்திரியில் அவரைத் தொடத் தயங்கினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இந்த வாழ்க்கையைத் தியாகக் கதையாக்கினாலும் பொய். பலிக் கதையாக்கினாலும் பொய். அவர் ஒரு முடிவு எடுத்தார். ஆனால் அந்த முடிவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பாரிஸ் இல்லை. ரேம்பேருக்கு நாவலின் முடிவில் ரயில் நிலையத்தில் காதலி வந்து சேர்கிறாள். கார்வாவைப் பற்றி எழுத முற்படுகிறவனிடம் அப்படி ஒரு ரயில் நிலையம் கிடையாது. அது இல்லாமல் எழுதப் பழகுவதுதான் அவன் முன்னால் உள்ள வேலை.