கரண்ட் கேட்காத பெல்ட் கிரைண்டர்

திண்டுக்கல் பேகம்பூரில் சாணை வேலைக்குப் பஞ்சமே இல்லை. தோல் ஷாப் கத்தி, கறிக்கடை வெட்டுக்கத்தி, சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் அரிவாள், பூட்டுப் பட்டறைகளின் லெவரும் சாவியும் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் சொந்தமாகச் செய்த பெல்ட் கிரைண்டரைப் பெட்ரோல் எஞ்சினில் ஓட்டுகிறார்கள். தண்ணீர் பம்பிலும் பவர் வீடரிலும் நாம் பார்க்கும் அதே ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின்தான். வெட்டுக்கத்தி, அரிவாள், பூட்டு லெவர் மூன்றையும் அதில் பிடித்துப் பார்த்தேன்.

பெட்ரோல் எதற்கு? 2012இல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாமல் இந்தப் பக்கத்துப் பட்டறைகள் முடங்கிக் கிடந்தன. இன்று அந்த நிலை இல்லை. ஆனால் அறுப்புக் காலத்தில் சாணையைக் களத்து மேட்டுக்கே கொண்டுபோக வேண்டுமென்றால் அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. எஞ்சினின் எடை சுமார் 15 கிலோதான். குட்டி யானையில் கிரைண்டரோடு ஏற்றிவிடலாம்.

சேனல் இரும்பில் ஃபிரேம், லேத்தில் கடைந்த மூன்று அலுமினிய வீல்கள், பிளம்மர் பிளாக்கில் ஒரு ஷாஃப்ட், 2 அங்குல அகல எமரி பெல்ட். மொத்த அமைப்பும் இவ்வளவுதான். மேல் வீலின் நடுப்பகுதி ஓரங்களைவிட லேசாக உயர்ந்திருக்கிறது. பெல்ட் ஓரத்துக்கு ஓடாமல் நடுவில் நிற்பதற்கு அந்தச் சின்ன மேடுதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது கால் மிதி. எஞ்சின் புல்லிக்கும் கிரைண்டர் புல்லிக்கும் நடுவே வி-பெல்ட் தொளதொளவென்று கிடக்கிறது. மிதியை அழுத்தினால் ஒரு ரோலர் வந்து வி-பெல்ட்டை இறுக்கும். அப்போதுதான் எமரி ஓடத் தொடங்கும். காலை எடுத்தால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, கிரைண்டர் சில நொடிகளில் நின்றுவிடுகிறது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதும் வீல்களின் சுமை கையில் ஏறுவதில்லை. சென்ட்ரிபியூகல் கிளட்ச் போட்டும் இதைச் செய்யலாம். ஆனால் கை சிக்கினால் காலை எடுத்தாலே போதும் என்ற பாதுகாப்பு அதில் வராது.

இனி வேகம். இந்த எஞ்சின் 3,600 சுற்றில் 4.8 குதிரைத்திறன் தருகிறது. புல்லிகள் இரண்டும் ஒரே அளவு, ஓட்டும் வீல் 4 அங்குலம். ஆகவே எமரி நிமிடத்துக்கு 1,100 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதே புல்லியில் சாதாரண 1,440 சுற்று மோட்டார் தருவது 450 மீட்டர் சொச்சம்தான். வெட்டுக்கத்தியின் முதுகை 60 கிரிட்டில் அழுத்திப் பிடித்தபோது வித்தியாசம் கையில் தெரிந்தது. அழுத்த அழுத்த எஞ்சின் சத்தம் கனத்ததே தவிர வேகம் விழவில்லை. சுற்று குறைவதை உணர்ந்து, கார்புரேட்டரைத் தானாகத் திறந்துவிடும் கவர்னர்தான் இதற்குக் காரணம். மொபெட் எஞ்சினைக் கழற்றி மாட்ட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதில் கவர்னர் இருக்காது. அழுத்தினால் திணறும், விட்டால் அலறும்.

மெல்லிய வேலைக்கு வந்தால் கதை மாறுகிறது. அரிவாளின் கருக்கில் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, அதனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் வேகத்தோடு சக்தியும் சரிகிறது. மோட்டாருக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி போட்டால் குறைந்த சுற்றிலும் இழுவை குறையாது. எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. படிப் புல்லி போட்டு வேகத்தைக் குறைப்பதுதான் வழி. இந்த மெஷினில் அது இல்லாதது பெரிய குறை. பூட்டு லெவருக்கு இது சரிப்படவே இல்லை. ஒற்றை சிலிண்டரின் அதிர்வு ஃபிரேம் வழியாக விரலுக்கு வந்து, தகட்டில் அலை அலையாகக் கோடு விழுந்தது. எஞ்சினுக்கு அடியில் ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும், முழுதாகப் போகாது. அந்த வேலைக்கு அரமும் பழகிய கையும்தான் தோது.

அடுத்தது தீ. பெட்ரோல் ஆவி தண்ணீரின் உறைநிலைக்கு எவ்வளவோ கீழேயே பற்றக்கூடியது. கிரைண்டரோ பொறியைக் கொட்டிக்கொண்டே இருக்கும் மெஷின். இந்தப் பட்டறையில் வி-பெல்ட்டை நீளமாகப் போட்டு எஞ்சினைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நடுவே தகடு அடித்து, பொறி விழும் இடத்தில் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். இதில் எதையும் விட்டுவிடக் கூடாது. ஓடும்போது பெட்ரோல் ஊற்றவே கூடாது. அணைத்து, ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் ஐந்து நிமிட வேலைதானே என்று ஸ்டார்ட் செய்தால் ஆளைச் சாய்த்துவிடும். வெட்டவெளிதான் இதற்கு இடம்.

செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று. எமரி மேலிருந்து கீழாக, கத்தியைத் தாங்கும் மேடையை நோக்கி ஓட வேண்டும். மோட்டார் என்றால் வயரை மாற்றிச் சுற்றும் திசையைத் திருப்பிக்கொள்ளலாம். இந்த எஞ்சின் ஷாஃப்ட் பக்கம் நின்று பார்த்தால் எப்போதும் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். எனவே கிரைண்டருக்கு எந்தப் பக்கம் எஞ்சின் வரும் என்பதை வெல்டிங் அடிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எமரி பெல்ட்டின் உள்பக்கம் இருக்கும் அம்புக்குறியையும் பாருங்கள். திசை மாற்றி மாட்டினால் ஒட்டு பிரிந்து முகத்தில் அடிக்கும்.

செலவுக் கணக்கில் எஞ்சின் தோற்கிறது. முழுச் சுமையில் மணிக்கு 1.4 லிட்டர் வரை குடிக்கும். பாதிச் சுமை என்று வைத்தாலும் மணிக்கு எழுபது, எண்பது ரூபாய் ஆகிவிடும். ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஓடினாலும் மணிக்கு ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஆகவே, கரண்ட் உள்ள பட்டறைக்கு இது வேண்டாம். மோட்டாரும் விஎஃப்டியும் போடுங்கள். ஊர் ஊராகப் போய் அரிவாளும் மண்வெட்டியும் தீட்டித் தருபவர்களுக்கு மனதாரச் சிபாரிசு செய்வேன், படிப் புல்லியோடு. வாங்கும் எஞ்சினில் முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றிப் பாருங்கள். இரும்புத் தூளும் எமரி மண்ணும் உள்ளே போனால் பிஸ்டன் ரிங் தாங்காது.