மகனின் கை

படத்தின் தொடக்கத்தில் நாம் பார்ப்பது ஒரே ஒரு முகம். அறிஞர் அவை ஒன்றில் மகனைச் சேர்த்துக்கொள்ளும் விழா. மேடையில் அவன் பேசுகிறான். பேச்செல்லாம் அப்பாவின் பெருமைதான். கேமராவோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை விட்டு நகர மறுக்கிறது. மகன் புகழப் புகழ அந்த முகம் இறுகுகிறது. அப்பாவாக நடிக்கும் ஷ்லோமோ பார் அபா இஸ்ரேலில் சிரிக்கவைத்தே பேர் வாங்கிய நடிகர் என்பது கூடுதல் ருசி.

ஜோசஃப் சீடர் இயக்கி 2011இல் வந்த 'ஃபுட்நோட்' இது. அப்பா எலியேசர், மகன் ஊரியேல் இருவருமே ஜெருசலேமில் யூதர்களின் சமயநூலான தால்மூத்தை ஆய்பவர்கள். அப்பா, சுவடிகளின் பாடபேதங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டே மூப்படைந்தவர். அந்த உழைப்பு அச்சேறும் தறுவாயில் இன்னொருவர் மூலச்சுவடியையே கண்டெடுத்து முந்திக்கொண்டார். மகனுக்கோ புத்தகமும் கைதட்டலும் குறைவில்லை.

மகனுக்குரிய இஸ்ரேல் பரிசு, குடும்பப்பெயர் ஒன்றாக இருந்ததால், அப்பாவுக்கென்று தொலைபேசியில் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. இதை மகனிடம் சொல்லப் பரிசுக்குழு கூடும் அறை இருக்கிறதே, அடடா! யாராவது எழுந்து நாற்காலியை நகர்த்தினால்தான் கதவு திறக்கும். அந்தப் பொந்துக்குள் ஒரு மனிதரின் வாழ்நாள் மானம் விவாதிக்கப்படுகிறது. சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது.

மகன் பரிசை விட்டுக்கொடுக்கிறான். அப்பாவுக்கான தகுதியுரையையும் அவனே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறான். அங்கே அப்பா ஒரு நிருபரிடம் மகனின் ஆராய்ச்சியை மட்டம்தட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டையும் மாற்றிமாற்றிக் காட்டுகிறார் சீடர். மன்னிப்பு இங்கே தட்டச்சில்தான் நடக்கிறது, பெறுபவருக்கே தெரியாமல்.

தெரியவரும் விதம் இன்னும் நயம். யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. தகுதியுரையில் வரும் 'கோட்டை' என்ற சொல் அவரை உறுத்துகிறது. குழுத்தலைவரின் நடை அதுவல்லவே! பழம் பிரதிகளில் எவர் கை புகுந்தது என்று கண்டறிந்த அதே முறையில் துப்பறிகிறார். அகப்படுவது மகனின் கை. அவன் எழுத்தைத் துச்சமாகப் பேசியவர், கடைசியில் அதைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பரிசை மேடையேறி வாங்கினாரா? அதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. சிலருக்கு இது எரிச்சலூட்டலாம். எனக்கு இதுதான் நேர்மையாகப் பட்டது. படத்துக்குக் கான் விழாவில் திரைக்கதைப் பரிசும் கிடைத்தது. இயக்குநரின் அப்பா, உயிர்வேதியியலாளர் ஹோவர்ட் சீடர், 1999இல் இதே இஸ்ரேல் பரிசைப் பெற்றவர். படம் பார்த்த அன்று அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!