அணியின் பெயரும் பயனும்

தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்துரைக்கிறது. நம் மாணவர் அவற்றுள் சிலவற்றைப் பெயரளவில் மனனம் செய்கின்றனர். 'போல' வந்தால் உவமை என்பதே பலர்க்கும் கைவிளக்கு. அவ்விளக்கு எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்று எண்ணிப் பார்ப்போம்.

சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகின்றனர். கண்ணகிக்கு வரவிருக்கும் துயரை அறிந்தவள்போல், வையை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைக்கிறாள். ஆற்றைக் கடந்தபின், மதிற்கொடிகள் 'வரவேண்டா' என்பனபோல் கைகாட்டுகின்றன. இரண்டிடத்தும் 'போல்' உண்டு; எனினும் இவை உவமை அல்ல. இயல்பாக நிகழ்வதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றியமையால் தற்குறிப்பேற்ற அணி.

பெயரைச் சரியாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், காப்பியம் கிடைக்குமா? ஆறு அறிந்ததை மறைக்கிறது. கொடி அறிந்ததை உணர்த்துகிறது. வழிநடந்த இருவரோ, இது பூம்புனல் ஆறு என வியந்து தொழுது கடக்கின்றனர். அவர்கட்குக் கொடி காற்றில் ஆடும் துணியே. வரப்போவதை ஆற்றோடும் கொடியோடும் சேர்ந்து அறிந்தவர் படிக்கும் நாம். அறிந்தும் தடுக்க இயலாதவரும் நாமே. அந்தப் பதைப்பை நம்முள் எழுப்புவதே இங்கு அணியின் பயன்.

ஆகவே வகுப்பறையில் அணியின் பெயரைக் கேட்குமுன், இங்கே அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்று கேட்போம். அவ்விடையை உணர்ந்த மாணவர்க்குப் பெயர் பின்னர் எளிதில் மனத்தில் நிற்கும்.