இடது கோடியில் நிற்பவர்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லுவது நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. அதில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிராளியைக் கீழே தள்ளுவதுமே பெரும்பகுதி. அந்த ஆட்டத்தைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2006-ல் வெளியிட்ட புத்தகம் 'தி பிளைண்ட் சைட்'. ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாதவரும் அதை எடுத்தால் கீழே வைக்கமாட்டார். அவ்வளவு சுவாரஸ்யமாக எழுதக்கூடியவர் லூயிஸ். அவருடைய முதல் அத்தியாயத்தைப் பார்த்து நாவல் எழுதுகிறவர்கள் பொறாமைப்படலாம். இருந்தும் அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

முதலில் புத்தகம் சொல்லுவதைச் சொல்லிவிடுகிறேன். 1985 நவம்பர் 18, திங்கட்கிழமை இரவு. வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், ஜோ தைஸ்மன். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பின்புறமிருந்து அவர்மேல் பாய்ந்தார். தைஸ்மனின் வலது கால் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. வலக்கைக்காரர் எறிவதற்குத் திரும்பி நின்றால் இடப்பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பக்கத்தைக் காக்க நிறுத்தப்படுகிறவர் இடது டாக்கிள். வாஷிங்டனின் இடது டாக்கிளான ஜோ ஜேகபி அன்று காயம்பட்டு ஆடாமல் இருந்தார்.

டெய்லரைப் போன்றவர்கள் உண்டாக்கிய பயத்தினால் இந்த இடது கோடிக்காரருக்கு மதிப்பு ஏறிற்று என்பது லூயிஸின் வாதம். 1993-ல் ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் அணி மாறிக்கொள்ளும் சுதந்திரம் பெற்றார்கள். பார்த்தால், எறிகிறவருக்கு அடுத்தபடியாகச் சம்பளம் வாங்குகிறவர் இவராக இருந்தார். இதோடு பின்னிவரும் இன்னொரு கதை மைக்கேல் ஓஹருடையது. மெம்ஃபிஸ் நகரத்து ஏழைக் கறுப்பின இளைஞர், ஒரு பணக்கார வெள்ளைக் குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்து அந்த இடத்துக்கு வருகிறார். 2009-ல் இது சினிமாவாகி, சாண்ட்ரா புல்லக்குக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. 2023-ல் ஓஹரே நீதிமன்றத்தில் மனுப்போட்டார்: தாம் தத்தெடுக்கப்படவில்லை, சட்டப்படி இருந்தது பாதுகாவலர் ஏற்பாடு மட்டுமே என்று. அதே ஆண்டு நீதிபதி அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். அந்தக் குடும்பத் தலைவரும் லூயிஸும் பள்ளித் தோழர்கள். கதாசிரியர் தமக்குத் தெரிந்த வீட்டுக்குள்ளிருந்தே பார்த்திருக்கிறார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

என் வழக்கு இதைப் பற்றியது அல்ல. எறிகிறவருக்கு முன்னால் நிற்பவர்கள் ஐந்து பேர். நடுவில் சென்டர், இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டாக்கிள்கள். சென்டர் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். பந்தோடு எறிகிறவர் வீழ்த்தப்பட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். அது வீழ்த்தியவர் கணக்கில் ஏறும். விடாமல் காத்தவருக்குக் கணக்கு எதுவும் கிடையாது. எதிரிகள் இருவர் ஓடிவரும்போதே குறுக்காக இடம் மாறுவார்கள். காக்கிறவர் தம் ஆளைப் பக்கத்திலிருப்பவரிடம் விட்டுவிட்டு, அவருடைய ஆளைத் தாம் ஏற்கவேண்டும். அறுபதாயிரம் பேர் கூச்சலிடும் இடத்தில் பேச்சுக் கேட்காது. பக்கத்துத் தோள் எப்போது அசையும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கவேண்டும். மேளக் கச்சேரியில் நாகஸ்வரக்காரர் மூச்சு எடுக்கப்போவது தவில்காரருக்குத் தெரிகிற மாதிரி. அந்தத் தெரிவு பழக்கத்தில் வருவது. சந்தையில் விற்கிற சரக்கல்ல.

ஐந்து பேரைப் பற்றி எழுதினால் கதை நிற்காது. ஒருவரைப் பற்றி எழுதினால் நிற்கும். எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள சபலம்தான். லூயிஸ் சுவரில் ஒரு கல்லைப் பொறுக்கியெடுத்துக் கதாநாயகனாக்கிவிட்டார். வாசகர் நம்பினால் நஷ்டமில்லை. அணி நடத்துகிறவர்களும் அதே மாதிரி நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் நகரத்து டெக்ஸன்ஸ் அணியைப் பார்க்கவேண்டும்.

2002-ல் பிறந்த அணி அது. புதிய அணிக்கு மற்ற அணிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கிக்கொள்ள அனுமதி உண்டு. ஹூஸ்டன் முதலாவதாகக் கேட்ட ஆள் ஓர் இடது டாக்கிள்: ஜாக்சன்வில் அணியின் டோனி போஸெலி. பெரிய ஆட்டக்காரர், ஆனால் தோளில் காயம். ஹூஸ்டனுக்காக ஒரு பந்தயம்கூட ஆடவில்லை. அந்த வருஷம் எறிகிறவராக வந்த இளைஞர் டேவிட் கார் 76 தடவை வீழ்த்தப்பட்டார். ஒரே பருவத்தில் அத்தனை அடி அதற்கு முன் யாரும் பட்டதில்லை. ஐந்து வருஷத்தில் 249 தடவை. கல்லூரியிலிருந்து வந்தவர்களிலெல்லாம் முதல்வராகப் பொறுக்கப்பட்ட பிள்ளை அவர். 2007-ல் அவரை அனுப்பிவிட்டார்கள்.

பிறகு 2008-ல் டுவேன் பிரௌன் என்ற இடது டாக்கிள் கிடைத்தார். பத்தாவது வருஷம் சம்பளத் தகராறு. போதாததற்கு, 2017 அக்டோபரில் அணியின் சொந்தக்காரர் ஆட்டக்காரர்களைச் சிறைக்கைதிகளோடு ஒப்பிட்டுப் பேசியது வெளியே வந்தது. அந்த மாத முடிவிலேயே பிரௌனை சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்தில் எறிகிறவரான டெஷான் வாட்ஸன் 62 தடவை வீழ்ந்தார். அந்த வருஷம் வேறு எவரும் அத்தனை விழவில்லை.

2019 ஆகஸ்டு 31-ல் ஹூஸ்டன் மயாமியிடம் போய் லாரமி டன்சில் என்ற இடது டாக்கிளைக் கேட்டது. கொடுத்த விலை: 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகள், 2021-ன் இரண்டாம் சுற்று உரிமை, கூட இரண்டு ஆட்டக்காரர்கள். டன்சிலோடு ஒரு பந்து பிடிப்பவரும், பிந்தைய சுற்று உரிமைகள் இரண்டும் வந்தன. உரிமை என்பது வருஷந்தோறும் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி பொறுக்கும் உரிமை. தோற்ற அணிக்கு முன்வரிசை. இதைக் கொடுப்பது விதை நெல்லைக் குத்திப் பொங்குகிற காரியம். அந்த ஜூன் மாதத்தில்தான் பொது மேலாளரை நீக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் ஆள் இல்லாமலே இவ்வளவு பெரிய பேரம் நடந்தது.

டன்சில் மோசமான சரக்கல்ல, முதல்தரமான ஆட்டக்காரர். 2020-ல் வருஷத்துக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் வீதம் அவருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பேரத்தைச் செய்தபோதே சம்பளத்தைப் பேசிக்கொள்ளவில்லை. 2019-ல் வாட்ஸன் விழுந்தது 44 தடவை, 2020-ல் 49. அணி 2019-ல் வெற்றி சுற்றுவரை போய், கன்ஸாஸ் சிட்டிக்கு எதிராக 24-0 என்று முன்னால் இருந்து, 51-31 என்று தோற்றது. 2020-ல் 16 பந்தயங்களில் 4-ல்தான் ஜெயம். அவ்வளவு தோற்றதற்குக் கிடைத்த மூன்றாவது இடத்து உரிமை மயாமிக்குப் போயிற்று. மயாமி அதை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றி இன்னும் சில முதற்சுற்றுகளைச் சேர்த்துக்கொண்டது. 2024-லும் டன்சில் இடது கோடியில்தான் நின்றார், எறிகிறவரான ஸி. ஜே. ஸ்ட்ரௌட் 52 தடவை வீழ்ந்தார். 2025 மார்ச்சில் டன்சிலை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு முதற்சுற்றுகூடக் கிடைக்கவில்லை.

வீழ்வது எல்லாம் முன்னால் நிற்பவர்கள் குற்றமல்ல. வாட்ஸன் பந்தைக் கையை விட்டு அனுப்பத் தாமதிக்கிறவர். அதனால் சில அற்புதங்களும் நடந்தன, பல அடிகளும் விழுந்தன. வாங்குவதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. 2009-ல் ஃபிலடெல்ஃபியா ஜேஸன் பீட்டர்ஸை பஃபலோவிடமிருந்து வாங்கிப் பல வருஷம் நிம்மதியாக இருந்தது. அவரைக் கல்லூரியிலிருந்து எடுக்க எந்த அணியும் முன்வரவில்லை; வேறு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை பஃபலோ பழக்கி டாக்கிளாக்கியது. பழக்கிய வீடு ஒன்று, அனுபவித்த வீடு ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், என் கட்சிக்குச் சாட்சி லூயிஸின் புத்தகத்திலேயே இருக்கிறது. 1982 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவும் நியூயார்க்கும் மோதின. டெய்லருக்கு அது முதல் பருவம். தம் இடது டாக்கிளால் அவரைத் தாங்கமுடியாது என்று பயிற்சியாளர் பில் வால்ஷுக்குத் தெரியும். அவர் யாரையும் வாங்கவில்லை. தம்மிடமே இருந்த ஜான் ஏயர்ஸ் என்ற இடது கார்டைப் பின்னுக்கு இழுத்து டெய்லர் வரும் வழியில் நிறுத்தினார். 38-24 என்று ஜெயித்தார். கார்டு நகர்ந்தால் நடுவில் சந்து விழும்; மற்ற நால்வரும் அதை அடைத்தாகவேண்டும். ஆகவே அது ஏயர்ஸின் வெற்றி மட்டுமல்ல. லூயிஸ் இந்த இடத்தை அருமையாக எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, அதிலிருந்து புறப்படவேண்டிய கேள்வியைக் கேட்காமல் சம்பளக் கணக்குக்குப் போய்விட்டார்.

ஜேகபியின் கதையிலும் அதே அவசரம். அவர் அன்று இல்லாதது புத்தகத்துக்கு வேண்டியிருக்கிறது. அவர் எங்கிருந்து வந்தார் என்பது அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. 1981 தேர்வில் அவரை எந்த அணியும் கேட்கவில்லை. சென்டர் ஜெஃப் பாஸ்டிக்கையும் அதற்கு முந்தின வருஷம் ஒருவரும் கேட்கவில்லை. இடது கார்டு ரஸ் கிரிம் மூன்றாவது சுற்று. ஜோ பூகெல் என்ற பயிற்சியாளர் இவர்களைச் சேர்த்து வளர்த்து, பன்றிகள் என்று செல்லப்பெயரும் வைத்தார். 1982, 1987, 1991 பருவங்களில் வாஷிங்டன் மூன்று முறை சாம்பியன் ஆயிற்று. மூன்று முறையும் எறிந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். ஜேகபி, கிரிம், பாஸ்டிக் மூவரும் மூன்று முறையும் அணியில் இருந்தார்கள். 1993-க்குப் பிறகு ஐந்து பேரைப் பத்து வருஷம் கட்டிவைப்பது சுலபமில்லை என்பது உண்மை. அதனாலேயே இந்தக் கதையை யாராவது விரிவாக எழுதியிருக்கவேண்டும் என்று படுகிறது.

புத்தகத்தை வாங்குகிறவர்கள் ஓஹரை விட்டுவிட்டு, ஏயர்ஸ் வரும் பக்கங்களை முதலில் படிக்கட்டும். அவர் டெக்ஸஸ் நாட்டுப்புறத்தில் வளர்ந்த மனிதர், 1995-ல் காலமானார். சினிமாவில் அவர் வருவதில்லை.