கேள்விகள் இருக்கட்டும், விடைகளை எடுத்துவிடுங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில், செமஸ்டர் நெருங்கும்போது அதிகம் விற்பது கொஸ்டின் பேங்க்தான். யூனிட் வாரியாக டூ மார்க் கேள்விகள், உடனே கீழே விடைகள், பிறகு பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள். எந்தக் கேள்வி எந்தத் தேர்வில் வந்தது என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கும். உயர்கல்வியைக் கெடுத்ததே இதுதான் என்று பேராசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

தமிழ்நாட்டில் 2007-08 சேர்க்கையிலிருந்து பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு நீங்கியது; 2010-11 முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் பொறியியலுக்கு வந்தார்கள். எழுநூறு பக்க ஆங்கிலப் பாடநூலில் எது அடிப்படை, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தர அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அண்ணனோ அத்தையோ செய்த உதவியை இவர்களுக்குக் கொஸ்டின் பேங்க் செய்தது. அரியர் இல்லாமல் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள். இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

கேள்வியை வைத்துப் படிப்பதும் மட்டமான வழி அல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். ஒரே முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களுக்குச் சுமார் 61 விழுக்காடு நினைவிலிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40. அப்படியானால் கொஸ்டின் பேங்க் நல்ல கருவியாக இருந்திருக்க வேண்டும். அதைக் கெடுத்தது கேள்விக்குக் கீழே அச்சாகும் விடை. கண் அங்கே போனதும் மூளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. கேள்வியையும் விடையையும் சேர்த்தே உருப்போட ஆரம்பிக்கிறோம்.

இதன் விளைவைத் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் துல்லியமாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் அதிகம் சாய்ந்தால் கிளைகளைச் சுழற்றிச் சமன்செய்யப்படும் ஏவிஎல் மரத்தில் 10, 20, 30 என்று வரிசையாகச் சேர்த்தால் மரம் வலப்பக்கம் சாயும். ஒரே ஒரு இடச் சுழற்சியில் சமநிலைக்கு வந்துவிடும். 30, 10, 20 என்று சேர்த்தால் சுழற்சி இரண்டு வேண்டும். ஆனால் முடிவில் கிடைக்கும் மரம் இரண்டுக்கும் ஒன்றுதான்: உச்சியில் 20, இடப்பக்கம் 10, வலப்பக்கம் 30. உருப்போட்ட மாணவர் கடைசிப் படத்தைச் சரியாக வரைந்துவிடுவார். நடுவில் மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, முதல் சுழற்சியை எங்கே செய்ய வேண்டும் என்று கேட்டால் தடுமாறுவார். கற்க வேண்டியதோ அந்த நடுப்பகுதிதான். விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டும் ஆசிரியர் கடைசிப் படத்துக்கு டிக் போட்டு மதிப்பெண் தந்துவிட்டால், தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது.

பழியை மாணவர்மீது போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய கேள்விகள் எண் கூட மாறாமல் திரும்ப வரும் வரை உருப்போடுவதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம். ஆசிரியர்களும் நெருக்கடியில்தான் இருக்கிறார்கள். கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதம் வெளியாகிறது, அடுத்த ஆண்டுச் சேர்க்கை அதைப் பொறுத்தது. அதனால் நிர்வாகம் கேட்பது ரிசல்ட்டைத்தான்.

2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களில் இன்டர்னலுக்கு 40 மதிப்பெண். இது பெரிய இடம், ஆனால் வீணாகிறது. இன்டர்னல் வினாத்தாளும் அதே கொஸ்டின் பேங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அசைன்மென்ட் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியதாக வருகிறது. இந்த நாற்பதிலாவது துறைகள் விடையில்லாத கேள்விப் பட்டியலை முதல் வாரமே கொடுத்துவிட்டு, தேர்வில் எண்களையும் சூழலையும் மாற்றிக் கேட்கலாம். ஒவ்வோர் அடியும் ஏன் என்று எழுதுவதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்கலாம். முதல் இன்டர்னலில் நிறையப் பேர் தோற்பார்கள். அதை நிர்வாகம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக வினாத்தாளும் இதே பாதையில் மாறினால் கொஸ்டின் பேங்க் அச்சிடுபவர்கள் அடுத்த செமஸ்டருக்குள் தங்கள் புத்தகத்தை மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் வினாத்தாளை அவர்கள் அளவுக்கு உன்னிப்பாகப் படிப்பவர்கள் இங்கே வேறு யாருமில்லை.