தென்பாண்டிச் சீமையில் வேலை வாங்கும் மரபுகள்

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்தில் வருபவர் பேசுவது காதில் விழாது. அந்தச் சத்தம்தான் இங்கே சம்பாத்தியம். விசைத்தறியில் நெய்கிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நெய்த சேலைக்கும் துண்டுக்கும் எண்ணிக் கூலி. மின்சாரம் போனாலோ, பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்க வேண்டியிருந்தாலோ, ஊடைக்கு நூல் வந்து சேரவில்லை என்றாலோ ஆள் தறியடியில்தான் இருப்பார். கூலிக் கணக்கில் மட்டும் இருக்கமாட்டார். ஆட்களை வைத்து வேலை வாங்கும் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்த நின்ற தறியைப் பார்க்க வேண்டும். நின்ற நேரத்தின் நட்டம் யார் தலையில் விழுகிறது? நம் பக்கத்தில் தோன்றிய, நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்த மரபுகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஊக்கப் பேச்சும் ஆண்டு விழாவில் கொடுக்கும் குக்கரும் அதற்கு அப்புறம்.

இன்னும் வாடை போகாத மரபு கங்காணி மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் கொண்டுபோனவர் கங்காணி. அவர் அந்நியர் அல்ல. சொந்தக்காரராகவோ உள்ளூர்க்காரராகவோ இருப்பார். வழிச் செலவுக்கு முன்பணம் கொடுப்பார். தோட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம். தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இலங்கை அரசு 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் நட்டம் முழுக்கத் தொழிலாளிக்கே என்பதுதான் அந்த மரபின் உள்கணக்கு. ஆளை ஓடவிடாமல் பிடித்து வைக்க அதற்குத் தெரிந்திருந்தது. மனமுவந்து வேலை செய்ய வைக்கத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைக்கும் முதலாளிகள் இன்றும் உண்டு. விசைத்தறி ஊர்கள் பலவற்றில் புழங்கும் ‘அட்வான்ஸ்’ அந்தத் துண்டுக்குத் தம்பி முறை.

செட்டிநாட்டு மரபு இதற்கு நேர் எதிர். நகரத்தார் கடைகளில் ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைக் கவனிப்பதுதான் முதல் பாடம். பிறகு அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள் என்று படியேறி, பர்மாவிலோ மலேயாவிலோ ஒரு கடையையே நடத்தும் ஏஜெண்டாகப் போவான். மூன்றாண்டுத் தவணை, சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கையில், தவணை முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது லாபத்தில் ஒரு பங்கு. கடல் கடந்த ஊரில் முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் கடன் கொடுத்து வாங்கும் ஆளை யார் நின்று கண்காணிக்க முடியும்? கண்காணிக்க முடியாத இடத்தில் பங்கு கொடுத்துவிடுவது என்பது அவர்கள் கண்ட வழி. ஏஜெண்டு தூங்கினால் முதலாளிக்கும் நட்டம், அவருக்கும் நட்டம். ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும்: பெட்டியடி வரை வந்து சேரும் வாய்ப்பு பெரும்பாலும் சொந்தச் சமூகத்துப் பையன்களுக்கே இருந்தது. கடைக்குச் சாமான் சுமந்தவருக்கு லாபப் பங்கு கிடையாது.

மில் மரபு சங்கோடு வந்தது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூற்பாலையையும், தூத்துக்குடியில் கோரல் மில்லையும் நடத்தத் தொடங்கினார்கள். வெயிலையும் மழையையும் பார்த்து வேலைக்கு இறங்கிய ஜனங்கள் அதன் பிறகு சங்கு ஊதினால் உள்ளே, ஊதினால் வெளியே என்று ஆனார்கள். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, வார ஓய்வுகூட இல்லை. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. அதுவரை ஆலை நின்றால் தொழிலாளிக்கு மட்டுமே நட்டம். அவர்களே நிறுத்தியபோதுதான் அது முதலாளிக்கும் நட்டம் என்பது புரிந்தது. பேச்சுவார்த்தை என்ற ஒன்று இந்தப் பக்கத்து நிர்வாகக் கலைக்குள் நுழைந்த நாட்கள் அவை. நிர்வாகப் பாடம் நடத்துகிறவர்கள் அமெரிக்காவில் டெய்லர் 1911இல் எழுதிய புத்தகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு மூன்றாண்டு முந்தைய தூத்துக்குடியிலிருந்து தொடங்கினால் என்ன?

அதே 1911இல்தான் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பேருந்து ஓட்டுவதில் நேரம் தவறாமை அந்த நிறுவனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஓட்டுநரை அதட்டி நேரத்துக்கு வரவைக்கலாம், ஒரு வாரம். வண்டி வழியில் நிற்காமல் இருக்க வேண்டுமென்றால் பட்டறை ஒழுங்காக இருக்க வேண்டும்; அது முதலாளியின் வேலை. இந்தக் கணக்கு அந்தக் குடும்ப நிறுவனங்களில் பல தலைமுறை ஓடியது. அவற்றில் ஒன்றான சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர நிர்வாகத்துக்கான டெமிங் விருது பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் முறை. அந்த விருதின் பின்னால் உள்ள முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படித்தான்: பழுது வந்தால் ‘யார் செய்தது’ என்று கேட்காதே, ‘ஏன் வந்தது’ என்று கேள், அதையும் இயந்திரத்தடியில் நிற்பவரிடமே கேள். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு மேஸ்திரி தன் அதிகாரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால்தான் இது நடக்கும். பெரும்பாலான இடங்களில் முறை தோற்பது அங்கேதான்.

கடை மரபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பிள்ளைகள் சென்னைக் கடைகளில் பட்ட பாட்டை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் ஊருக்கே காட்டிவிட்டது. சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்துவிட்டு உட்கார இடம் கொடுக்காத மரபு அது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல். ஒரு நாற்காலிக்குச் சட்டமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

நம் மாவட்டத்திலேயே இப்போது வேறொரு பள்ளி நடக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011இல் அலுவலகம் திறந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து மென்பொருள் வேலை கற்றுத்தருகிறார்கள். வேலை கற்கும் காலத்தில் ஆளால் வருமானம் இல்லை. அந்தச் செலவை நிறுவனமே சுமக்கிறது. பெட்டியடிப் பையன் முறைதான், சாதி வாசல் இல்லாமல். கணினிக்கு முன்னால் இருப்பவருக்குச் செய்யலாம், தறிக்கு முன்னால் இருப்பவருக்கு எப்படிச் செய்வது என்று தறி முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேலை விற்று மிஞ்சும் காசு வேறு, மென்பொருள் விற்று மிஞ்சும் காசு வேறு. ஆனாலும் தார் சுற்றுவதிலிருந்து தறியோட்டம் வரை சங்கரன்கோவிலில் எல்லோரும் வேலை கற்றது பக்கத்து ஆளைப் பார்த்துத்தான். கற்றுக்கொடுத்த நேரத்துக்கு யாரும் யாருக்கும் கூலி கொடுத்ததில்லை.

நிர்வாகக் கூட்டங்களில் திருக்குறளின் தெரிந்துவினையாடல் அதிகாரத்திலிருந்து ஒரு குறளைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை; வேலைக்கு ஏற்ற ஆளைப் பார்த்து ஒப்படைத்துவிடு என்பது. அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி வருவதை யாரும் மேடையேற்றுவதில்லை. வேலையில் கருத்தாக இருக்கிறவன் உரிமையோடு பழகினால், அதைத் தவறாக எடுத்துக்கொள்கிறவனை விட்டுச் செல்வம் விலகும் என்கிறது அது. எதிர்த்துப் பேசுகிற நல்ல நெசவாளியை ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் கணக்கு முடித்து அனுப்பத் துடிக்கும் முதலாளி படிக்க வேண்டியது இதைத்தான்.

சங்கரன்கோவில், சுப்புலாபுரம், புளியங்குடி வட்டாரத் தறிகளுக்கு என்று ஒரு மரபு உருவாகியிருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. தறி உரிமையாளரில் பலர் தாமே கூலிக்கு நெய்பவர்கள். நூலும் பாவும் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்ளும் வியாபாரி அவர்களுக்கும் மேலே இருக்கிறார். ஆக, நெசவாளி கேட்கும் உயர்வு இரண்டு படி ஏறிப் போக வேண்டும். பழைய ஒப்பந்தம் முடியும் சமயத்தில் வேலைநிறுத்தம், தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் முத்தரப்புப் பேச்சு, இரவு வரை இழுபறி, பிறகு ஒரு சதவீதத்தில் கையெழுத்து. கூலி உயர்வோடு விடுமுறைச் சம்பளமும் அந்த மேசையில் பேசப்படுவது இந்த ஊரின் பெருமை என்பேன். தறி ஓடாத நாளுக்கும் கூலி உண்டு என்ற கொள்கையை நம் ஆட்கள் ஏற்கெனவே பேச்சுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது ஓடாத மணி நேரம். கைத்தறி, விசைத்தறி மின்சாரத்தில் அரசு சலுகை கொடுக்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்று 2023இல் உயர்த்தியது. அந்தச் சலுகை தறி முதலாளியின் கணக்கில் இறங்குகிறது. மின்சாரம் நின்ற நேரம் நெசவாளியின் கணக்கில் இறங்குகிறது. புதுப் பாவு தாமதமானால் அதைச் சீக்கிரம் கொண்டுவரும் கை நெசவாளியுடையதல்ல. தடுக்க முடிந்தவர் ஒருவர், நட்டம் சுமப்பவர் இன்னொருவர் என்று இருக்கும்வரை தடுக்க முடிந்தவர் அவசரப்படமாட்டார். அடுத்த ஒப்பந்தத்தில் சதவீதத்தோடு இரண்டு வரி சேர்த்துப் பார்க்கலாம்: பாவு பிணைத்து முடியும்வரை காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு படி, மின்வெட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அதற்குமேல் பாதிக் கூலி. முதல் மாதம் முதலாளிக்குச் செலவு கூடும். இரண்டாவது மாதம் பாவு தீர்வதற்கு முன்பே அடுத்த பாவு தறியடிக்கு வந்துசேரும். நூல் கேட்டு வியாபாரிக்கு அவரே போன் போடுவார்.