பாலசந்தரின் கடைசி வரிசை

ஏ. ஜி. ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகம் போட்டவர் கே. பாலசந்தர். 1965இல் 'நீர்க்குமிழி'யோடு டைரக்டராக வந்தபோது மேடையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அவருடைய பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுகிறார்கள். 2014இல் அவர் மறைந்தபோதும் என் தீர்ப்பு இதுதான். சமீபத்தில் 'அவள் ஒரு தொடர்கதை'யை (1974) மறுபடி பார்த்தேன்.

ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா'வின் (1960) சாயல் இதில் இருப்பது தெரிந்ததே. இரண்டிலும் குடும்பத்துக்காகத் தேய்கிற பெண். கட்டக்கின் நீதா காசநோயில் விழுந்து, மலைகளுக்கு நடுவே வாழவேண்டும் என்று கதறுகிறாள். அந்தக் குரலில் வங்காளப் பிரிவினையின் ரணம் இருக்கிறது. பாலசந்தரோ சன்னியாசியாகிப்போன அப்பா, குடிகாரச் சகோதரன், விதவைத் தங்கை, கண்ணில்லாத தம்பி என்று துன்பங்களை ரேஷன் கடை க்யூ மாதிரி நிற்கவைக்கிறார். கவிதாவுக்குப் பின்னால் வரலாறு ஏதும் இல்லை. மாதச் சம்பளம்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் மீண்டும் ஆபீஸுக்குப் போகிறாள்.

கலை என்ற அளவில் கட்டக்தான் உயரம். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஆனால் பக்கத்துக் கவுண்டரில், சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டு நாற்பதைத் தாண்டிவிட்ட ஒரு பெண்மணி இருக்கிறார். கட்டக்கைப் பார்த்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். பாலசந்தரைப் பார்த்த மறுநாள், அந்தப் பெண்மணியின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அவரிடம் நானும் கைமாற்று வாங்கியிருக்கிறேன்.